கலைக் கல்வி எதற்கு? பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஓர் எளிய விளக்கம்

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் பள்ளிக் கால அட்டவணையிலிருந்து முதலில் காணாமல் போவது ஓவியம், இசை, விளையாட்டு ஆகிய பாடவேளைகள்தான். "இன்று மட்டும்" என்று சொல்லிக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். நாளடைவில் அது அவருடைய பாடவேளையாகவே ஆகிவிடும். யாரும் மறுப்புச் சொல்வதில்லை. பெற்றோரில் பலருக்கு இது மகிழ்ச்சியே தரும். வீட்டிலும் இதே கதைதான். பிள்ளை தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தால், "படிப்பை முடித்துவிட்டு வரை" என்பதே நம் வாயில் முதலில் வருகிறது.

படிப்பு வேறு, கலை வேறு. படிப்புக்கு நடுவே விடும் ஓய்வுதான் கலை என்ற எண்ணம் இதற்கெல்லாம் அடியில் கிடக்கிறது. அந்த எண்ணம் தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓவிய வகுப்பிலும் பாட்டு வகுப்பிலும் நாடக ஒத்திகையிலும் பிள்ளைகள் கடுமையாகச் சிந்திக்கிறார்கள். விடைத்தாளில் ஒரே சரியான விடை இருக்கும் மற்றப் பாடங்களில் பழகக் கிடைக்காத சிந்தனை அது. அது எப்படி நடக்கிறது, ஆய்வுகள் உண்மையில் என்ன கண்டிருக்கின்றன, நம் பள்ளிகளில் அதற்கு என்ன இடம் இருக்கிறது என்பவற்றைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்காக இந்தக் கட்டுரை.

எதைக் கலைக் கல்வி என்கிறோம்?

கலைக் கல்வி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அரங்கேற்றம்தான். ஐந்து வயதில் பரதநாட்டிய வகுப்பில் சேர்த்து, பதினான்கு வயதில் மேடையேற்றுவது. அது ஒரு கலையில் தேர்ச்சி பெறுவதற்கான பயிற்சி. விரும்பும் பிள்ளைக்கு, வசதியுள்ள வீட்டில், நல்ல குரு கிடைத்தால் அது பெரும் பேறு. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் உரியதன்று.

இன்னொன்றும் இருக்கிறது. ஒளிச்சேர்க்கையைப் பாட்டாகப் பாடுவது, சுதந்திரப் போராட்டத்தை வில்லுப்பாட்டாக நடத்துவது போல மற்றப் பாடங்களைச் சொல்லிக்கொடுக்கக் கலையைக் கருவியாகக் கொள்வது. இதுவும் நல்லதே. ஆனால் அங்கே பிள்ளை கற்பது அறிவியலையும் வரலாற்றையும்தான். பாட்டு அதைத் தூக்கிவரும் வாகனம்.

நான் இங்கே பேசுவது மூன்றாவது வகை. தமிழ், கணக்கு போலக் கலையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய ஒரு பாடம் என்ற நிலை. நாட்டின் பள்ளிப் பாடத்திட்டங்களுக்கு வழிகாட்டும் ஆவணமான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 இதைத்தான் சொன்னது: இசை, நடனம், காண்கலை (ஓவியம், சிற்பம் போன்றவை), நாடகம் ஆகிய நான்கும் பத்தாம் வகுப்பு வரை பாடமாக இருக்க வேண்டும். கணித மேதை ஆவானா என்று பார்த்துவிட்டா ஒரு பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிறோம்? எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம். கலையில் மட்டும் "கை வருகிறதா" என்று முதலில் சோதிக்கிறோம். வராத பிள்ளையை ஒதுக்கி உட்காரவைத்துவிட்டு, வருகிற இரண்டு பேரைப் போட்டிக்கு அனுப்புகிறோம். பள்ளிகளில் கலை படும் பாட்டுக்கு இந்த ஒரு பழக்கமே பாதிக் காரணம்.

ஒரு தேர், நான்கு சக்கரம்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "ஊர்த் தேர்த் திருவிழாவை வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை பெரும்பாலும் இப்படித்தான் வரையும்: நடுவில் தேர், அதற்கு நான்கு சக்கரம், இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு, எல்லாம் வெளிப்பக்கமாக விரிந்து கிடக்கும். தேரிலிருந்து ஒரு வடம் நீளும். வடத்தின் இரண்டு பக்கமும் ஆட்கள். மேல்பக்கத்து ஆட்கள் நேராக நிற்பார்கள். கீழ்ப்பக்கத்து ஆட்களுக்குத் தலை கீழே தொங்கும். தேருக்குள்ளே இருக்கும் சாமியும் தெரியும், திரை இருந்தாலும் தெரியும்.

பெரியவர் கண்ணுக்கு இது முழுக்கத் தப்பு. "ஆளைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாயே" என்று ரப்பரை எடுத்துவிடுவோம். ஆனால் அந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். தேருக்கு நான்கு சக்கரம் என்று அதற்குத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தபடி வரைந்தால் இரண்டுதான் தெரியும். மற்ற இரண்டும் எங்கே போயின? விட்டுவிட மனம் வரவில்லை. ஆகவே தேரைச் சுற்றி மனத்துக்குள் நடந்து, இந்தப் பக்கத்தை இங்கே நின்றும், அந்தப் பக்கத்தை அங்கே நின்றும் பார்த்து, இரண்டையும் ஒரே தாளில் விரித்துப் போட்டிருக்கிறது. முப்பரிமாண உலகத்தைத் தட்டையான தாளில் எப்படி அடக்குவது என்பது ஓவியர்கள் பல நூற்றாண்டுகள் மல்லுக்கட்டிய கேள்வி. அந்தக் கேள்விக்கு இந்த ஏழு வயதுப் பிள்ளை, யாரும் சொல்லித் தராமல், தானாக ஒரு விடை கண்டிருக்கிறது.

இது ஒரு பிள்ளையின் விசித்திரம் அன்று. மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதை வரையச் சொன்னால், வேறு நாடுகளிலும் அந்த வயதுப் பிள்ளைகள் ஆட்களை இப்படித்தான் வெளிப்பக்கம் மல்லாத்திப் போடுகிறார்கள். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக் கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட், குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியை 1947-ல் சில படிகளாக வகுத்துக் காட்டினார். இரண்டு வயதில் தொடங்கும் கிறுக்கல். நான்கு வயதை ஒட்டி, ஒரு வட்டமும் அதிலிருந்து நேரே இறங்கும் இரண்டு கால்களுமாக மனித உருவம். ஏழு வயதில் வீடு, மரம், ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் பிள்ளை தனக்கென வைத்துக்கொள்ளும் குறி. தாளின் அடியில் தரைக்கோடு. பிற்காலத்தவர் இந்த வயதுக் கணக்கைப் பலவாறு திருத்தியிருக்கிறார்கள். ஊருக்கு ஊர், பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு உண்டு. ஆனாலும் பிள்ளையின் படத்தைப் பெரியவர் படத்தின் குறைப்பிரதியாகப் பார்க்காமல், அந்த வயதுச் சிந்தனையின் முழு வெளிப்பாடாகப் பார்க்கலாம் என்ற அவருடைய அடிப்படைப் பார்வை இன்றும் பயன்படுகிறது.

அவர் காட்டிய படிகளில் ஒன்றைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒன்பது, பத்து வயதில் பிள்ளை தன் படத்தைப் பிறர் கண்ணால் பார்க்கத் தொடங்குகிறது. உண்மை போல் இருக்கிறதா என்று ஒப்பிடுகிறது. கை, மனம் கேட்பதைச் செய்ய மறுக்கிறது. அப்போதுதான் "எனக்கு வரைய வராது" என்ற சொல் முதன்முதலாக வெளியே வருகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருந்து, நிழல் எங்கே விழுகிறது பார், தூரத்து மரம் ஏன் சிறிதாகத் தெரிகிறது பார் என்று காட்டினால் பிள்ளை அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடும். காட்டாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். நம்மில் பெரும்பாலோர் இன்றும் பத்து வயதுப் பிள்ளை வரைவது போலத்தான் வரைகிறோம், அதற்குக் காரணம் இதுவே.

நின்றுவிட்ட பிள்ளை எதை வரையும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நான்கைந்து பறவை. மலையே இல்லாத நாகப்பட்டினத்திலும் பிள்ளைகள் அதே இரண்டு மலையை வரைகிறார்கள். வாசலில் படகும் உப்பளமும் கருவாட்டுக் களமும் இருக்க, தாளில் மலை வருகிறது. அது பிள்ளையின் குற்றமில்லை. அந்தப் படத்துக்குத்தான் நாம் "வெரி குட்" போட்டோம். சன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்லவில்லை.

தவம் செய்யும் பூனை

வரைவது, பாடுவது, நடிப்பது மட்டும் கலைக் கல்வி ஆகாது. பிறர் செய்ததைப் பார்க்கவும் கேட்கவும் கற்பதும் அதன் பாதி. இந்தப் பாதியை நாம் அறவே மறந்துவிட்டோம்.

மாமல்லபுரத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போகாத பிள்ளைகள் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் குறைவு. அங்கே 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் சுமார் 30 மீட்டர் நீளப் பாறையில் செதுக்கிய பெரும் புடைப்புச் சிற்பத்தின் முன்னால் பஸ் கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "இது அர்ச்சுனன் தபசு. எல்லோரும் வரிசையாக நில்லுங்கள், போட்டோ எடுத்துக்கொண்டு கடற்கரைக் கோயிலுக்குப் போக வேண்டும்." ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதே ஐந்து நிமிடத்தை வேறு மாதிரிச் செலவிட ஒரு முறை இருக்கிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும், உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கியது. ஆசிரியர் விளக்கம் சொல்ல மாட்டார். மூன்று கேள்விகளை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பார்: இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது?

அந்தப் பாறையின் முன்னால் இதைச் செய்தால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும். யானை பெரிதாக இருக்கிறது என்று ஒருவன் தொடங்குவான். யானையின் காலடியில் குட்டிகள் இருக்கின்றன என்பாள் இன்னொருத்தி. ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். கூட்டம் அங்கே திரும்பும். மேலே ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். என்ன செய்கிறார்? தவம் செய்கிறார். எதைப் பார்த்துச் சொல்கிறாய்? கையை மேலே தூக்கியிருக்கிறார், விலா எலும்பு தெரிகிறது, பல நாள் சாப்பிடவில்லை. இன்னும் என்ன தெரிகிறது? கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு குரல்: "அங்கே ஒரு பூனையும் அப்படியே நிற்கிறது!"

ஆம், நிற்கிறது. யானைகள் இருக்கும் பக்கத்தில், பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு பூனை. அதன் முன்னே எலிகள். பூனை உண்மையில் தவம் செய்கிறதா, எலியைப் பிடிக்க நடிக்கிறதா? எலிகள் ஏன் ஓடவில்லை? மேலே நிற்கும் முனிவரைச் சிற்பி ஏன் கீழே ஒரு பூனையாக மறுபடி செதுக்கினார்? பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிடுவார்கள். ஒவ்வொரு வாதத்துக்கும் பாறையிலிருந்தே சான்று காட்ட வேண்டும். காட்ட முடியாததை விட்டுவிட வேண்டும்.

இதில் அழகு என்னவென்றால், பெரியவர்களுக்கும் இதே நிலைதான். இது பாசுபதாஸ்திரம் வேண்டித் தவம் செய்யும் அர்ச்சுனன் என்று ஒரு சாராரும், கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்று இன்னொரு சாராரும் வாதிட்டு வருகிறார்கள். பாறையின் நடுப்பிளவும் அதில் நெளியும் நாகர்களும் நீரைக் காட்டுகின்றன என்பது இரண்டாம் கட்சியின் சான்று. வாதம் முடியவில்லை. ஆனால் அதற்காக "அவரவர் இஷ்டம்" என்று யாரும் விட்டுவிடவும் இல்லை. விடை ஒன்றுக்கு மேல் இருக்கலாம், ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேண்டும். இதைப் பத்து வயதில் உணர்ந்த பிள்ளை, இருபது வயதில் செய்தித்தாளையும் தேர்தல் பேச்சையும் கைபேசியில் வரும் காணொளியையும் வேறு கண்ணோடு பார்க்கும் என்றே நான் எதிர்பார்க்கிறேன்.

மார்க் கூடுமா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் கலை வகுப்பு நடத்துவோரில் சிலர், "கீபோர்டு கற்றால் கணக்கு வரும், அபாரமான மூளை வளர்ச்சி" என்று விளம்பரம் செய்கிறார்கள்.

அந்த விளம்பரத்தின் பெரும்பகுதி 1993-ல் தொடங்கியது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில், கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிடம் மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டின் ஒரு படைப்பைக் கேட்கச் செய்து, தாளை மடித்து வெட்டினால் என்ன உருவம் வரும் என்பது போன்ற இடவுணர்வுக் கேள்விகளைக் கொடுத்தார்கள். சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்துவிட்டது. அவ்வளவுதான் ஆய்வு. அதில் குழந்தைகளே இல்லை. ஆனால் செய்தி ஊர் சுற்றி வருவதற்குள், மொசார்ட் கேட்டால் குழந்தைக்கு அறிவு வளரும் என்றாகிவிட்டது. 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்கும் வரை அது போனது.

கேட்பதை விட்டுக் கற்பதைப் பார்த்த ஆய்வு கொஞ்சம் உறுதியானது. கனடாவின் டொரண்டோ பகுதியில் உளவியலாளர் க்ளென் ஷெல்லன்பெர்க் 144 ஆறு வயதுப் பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குக் கீபோர்டு, ஒன்றுக்குப் பாட்டு, ஒன்றுக்கு நாடகம், ஒன்றுக்கு அந்த ஆண்டு எதுவும் இல்லை. 2004-ல் வெளிவந்த முடிவின்படி, எல்லாக் குழுவிலும் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) உயர்ந்திருந்தது. பள்ளிக்குப் போகத் தொடங்கும் வயதில் அது இயல்பு. இசை கற்றவர்களுக்குச் சராசரியாக 7 புள்ளி, மற்றவர்களுக்கு 4.3 புள்ளி. வேறுபாடு உண்டு, ஆனால் சிறியது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது நாடகக் குழுவின் முடிவு. அவர்களுக்கு நுண்ணறிவு ஈவில் கூடுதல் பலன் இல்லை. ஆனால் பிறரோடு பழகும் முறையில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. இசைக் குழுக்களில் அது இல்லை. ஒவ்வொரு கலையும் ஒவ்வொன்றைத் தருகிறது. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளந்தால் தருவது கண்ணில் படாது.

கலைக் கல்வி ஆய்வாளர்களான எல்லன் வின்னரும் லோயிஸ் ஹெட்லாண்டும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து 2000-ல் சொன்னது கலை ஆர்வலர்கள் பலருக்குக் கசந்தது. கலை கற்பதால்தான் மற்றப் பாடங்களில் மதிப்பெண் உயர்கிறது என்பதற்குப் பெரும்பாலும் வலுவான சான்று இல்லை என்றார்கள். ஆனால் வகுப்பறையில் கதையை நடித்துப் பார்ப்பது மொழித்திறனை வளர்க்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைத்தது. அந்த இருவரும் கலைக்கு எதிரிகள் அல்லர். கலை எதைத்தான் கற்றுத் தருகிறது என்று கண்டறிய, பிறகு பாஸ்டன் பகுதியில் ஓவிய வகுப்புகளில் உட்கார்ந்து நீண்ட நாள் கவனித்தார்கள். கூர்ந்து பார்ப்பது, இல்லாத ஒன்றை மனக்கண்ணில் காண்பது, பிழையானதை வீசாமல் தொடர்ந்து திருத்துவது, தான் செய்ததைத் தானே எடைபோட்டுப் பேசுவது என்று எட்டுப் பழக்கங்களை அங்கே கண்டார்கள். கடைசியாகச் சொன்னதைப் பாருங்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்தும் வாய்ப்பு எந்தப் பாடத்தில் கிடைக்கிறது?

அதன் பிறகு அமெரிக்காவில் குலுக்கல் முறையில் நடந்த இரண்டு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆர்கன்சா மாநிலத்தில் 2011-ல் ஒரு பெரிய கலை அருங்காட்சியகம் திறந்தது. பார்க்க விரும்பிய பள்ளிகள் ஏராளம். ஆகவே யார் முதலில் வருவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். போய்வந்த பிள்ளைகளிடமும் இன்னும் போகாதவர்களிடமும், அவர்கள் முன்பு பார்த்திராத ஓர் ஓவியத்தைக் காட்டி எழுதச் சொன்னார்கள். போய்வந்தவர்கள் கூடுதலாகக் கவனித்திருந்தார்கள், கூடுதலாக ஆராய்ந்திருந்தார்கள். அரை நாள் சுற்றுலாவின் பலன் இது. கிராமப்புறப் பிள்ளைகளுக்கும் வறிய பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் பலன் மேலும் அதிகமாக இருந்தது. ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளில் நடந்து 2019-ல் வெளிவந்த ஆய்வில், கலை வகுப்புகள் கூட்டப்பட்ட பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மாணவர் விகிதம் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் பிறர்பால் பரிவும் உயர்ந்தன. கணக்கு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. குறையவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கலைக்குக் கொடுத்த நேரம் கணக்கைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுகிறோமே, அதற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

வளர்ந்த பிள்ளைகளுக்கு

பதின்ம வயதில் கலையின் வேலை மாறுகிறது. தான் யார் என்ற கேள்வி எழும் வயது அது. நாடகம் அந்த வயதுக்கென்றே செய்தது போல் இருக்கும். வேறொருவராக நின்று பேசிப் பார்க்கலாம். மேடையை விட்டு இறங்கியதும் கழற்றிவைத்துவிடலாம்.

காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருந்தது. கட்டைக்கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும், ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூயினும், 1990-ல் உருவான கட்டைக்கூத்துச் சங்கத்தின் சார்பில், 2002-ல் ஒரு குருகுலத்தைத் தொடங்கினார்கள். கூத்துக்கு வரும் பிள்ளை பள்ளியை விட்டுவிட்டு வருவதுதான் அதுவரை வழக்கம். இரவு முழுக்க ஆட வேண்டிய கலை அது. காலையில் வகுப்பில் எப்படி உட்கார முடியும்? குருகுலத்தில் பள்ளிப் படிப்பும் கூத்துப் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஆண்களே பெண் வேடமும் கட்டி வந்த கூத்தில், அங்கே சிறுமிகளும் சேர்ந்து கற்றார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு ஆண் வேடங்களையும் ஆடினார்கள்.

கூத்தில் கட்டியங்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. அரசனை வரவேற்பவனும் அவனே, கேலி செய்பவனும் அவனே, கூட்டத்தைப் பார்த்து ஊர் நடப்பைப் பேசுபவனும் அவனே. எழுதிவைத்த வசனத்தை ஒப்பித்தால் கட்டியங்காரன் எடுபட மாட்டான். முன்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் படித்து, அந்த நொடியில் சொல்லைப் பிடிக்க வேண்டும். எல்லை மீறாமலும் இருக்க வேண்டும். பதினைந்து வயதில் இதைச் செய்யப் பழகியவருக்கு நேர்முகத் தேர்வு அறை அச்சம் தராது. ஆனால் நேர்முகத் தேர்வுக்காகக் கூத்துக் கற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்கும் ஆட்களைப் பார்த்துப் பேசத் தெரிவதே அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் கைகொடுக்கும் சொத்து.

நம் பள்ளிகளில்

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணை ஒரு விதி சொல்கிறது: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் பள்ளியில் கலைக் கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும். இதையொட்டித்தான் தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி முதலானவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அரசுப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். ஊதியம் பின்னர் சில முறை உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதை ஆசிரியர்களின் சம்பளப் பிரச்சினையாக மட்டும் பார்த்துவிடக் கூடாது. "எனக்கு வரைய வராது" என்று பிள்ளை நின்றுவிடும் ஒன்பது, பத்து வயதை அடுத்து வருவதுதான் ஆறாம் வகுப்பு. அந்த வகுப்பில் ஓவிய ஆசிரியர் முழுநேரம் இருக்கிறாரா இல்லையா என்பது பிள்ளையின் பிரச்சினை.

2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் பிள்ளைகள் மேடையேறுகிறார்கள். பறையும் கரகமும் ஒயிலாட்டமும் பள்ளி மைதானத்துக்கு வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நம் ஊர்க் கலைகளைப் பள்ளி மதித்து அழைப்பது சிறிய காரியமன்று. அதே நேரத்தில், திருவிழா வாராந்தர வகுப்புக்கு ஈடாகாது. போட்டிக்குப் பத்துப் பேர் போவார்கள். மீதி முப்பது பேர் கைதட்டிவிட்டுத் திரும்புவார்கள். அந்த முப்பது பேருக்கும் வாரத்தில் இரண்டு பாடவேளை உறுதியாகக் கிடைத்தால்தான் கலைக் கல்வி நடக்கிறது என்று சொல்ல முடியும்.

வீட்டில் செய்யக்கூடியவை

செலவு அதிகமில்லை. ஒரு பக்கம் அச்சான பழைய தாள், கரித்துண்டு, கோலமாவு, களிமண் போதும். வண்ணம் நிரப்பும் புத்தகங்களைக் குறையுங்கள். கோட்டுக்குள் வண்ணம் அடைப்பது கைக்குப் பயிற்சி, ஆனால் பிள்ளை முடிவெடுக்க அங்கே எதுவும் இல்லை. பிள்ளை படத்தைக் கொண்டுவந்து காட்டினால் "இது என்ன?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கிறது" என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் வேண்டாம். "இதைப் பற்றிச் சொல்" என்று கேளுங்கள். இந்த இடத்தில் ஏன் இவ்வளவு கறுப்பு, இவர் ஏன் தனியாக நிற்கிறார் என்று கேளுங்கள். உங்கள் கையால் திருத்தாதீர்கள். பதின்ம வயதுப் பிள்ளை கேட்கும் பாட்டு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், அதில் எது பிடித்திருக்கிறது என்று உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். காரணம் சொல்லத் தொடங்கும்போது அது தானே ஒரு பாடமாகிவிடும்.

பள்ளியிலும் பெற்றோருக்குச் சொல்லுரிமை உண்டு. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அரசுப் பள்ளிக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோரும் பாதுகாவலரும்தான். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, சத்துணவு பற்றிக் கேட்கும்போதே, ஓவியப் பாடவேளை எந்தக் கிழமை, யார் எடுக்கிறார், சென்ற மாதம் எத்தனை முறை நடந்தது என்றும் கேளுங்கள். பதிலைக் கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.